திரும்ப எடுப்பீர்களா என்று கேட்டார்கள்

தம்பி,

வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று சொன்னாய். அந்தக் கோழித் தொழிற்சாலையில் உன்னை ஒரு வெட்டும் வரிசைக்குப் பொறுப்பாளன் ஆக்குகிறார்கள். சம்மதித்துக் கையெழுத்து வைத்தால், நிரந்தரமாக அந்த நாட்டிலேயே இருப்பதற்கான பத்திரங்களுக்குக் கம்பனி உதவி செய்யும். ஆனால் சில வருடங்களுக்கு அந்த இடத்தை விட்டு அசைய முடியாது, இயந்திர வேலை தேடி வேறு எங்கும் போக முடியாது. "என்ன செய்யிறது சித்தி? நீங்கள் சொல்லுங்கோ" என்று கேட்டாய். நான் "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அந்தச் சிரிப்பு மனதுக்கு நல்லாக இருக்கவில்லை. எனக்கு வாயில் வராதது கையில் வரும் என்று உனக்குத் தெரியும். கம்பஸில் படித்த காலத்திலும் கேள்வி கேட்க எழும்பமாட்டேன், பரீட்சைத் தாளில் மட்டும்தான் கதைப்பேன். அதனால் எழுதுகிறேன்.

நீ முடிவு எடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் படகுத் தளத்தில் உனக்கு ஏன் வேலை தரவில்லை என்பது. உன் பழைய முதலாளி நானாதான் உன் கழுத்தை அறுத்தார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவருடைய அழைப்பை நீ எடுப்பதில்லை. "பொடியனுக்கு வேல கூடிப்போச்சு போல" என்று அவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அவர்கள் போனில் அவரை விசாரித்த அன்றைக்கு அவருக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். அவர் சொன்னதை அந்த நாட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த குரலும் என்னுடையது. இதில் யாருடைய பெயரையும் போடவில்லை. உன்னைப் போன்ற பிள்ளைகளை அனுப்பிவிட்டு இருக்கும் மற்றவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். அப்படி ஒரு அழைப்பு வந்தால் என்ன கேட்பார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானா பேப்பரில் மரண அறிவித்தல் மட்டும்தான் பார்ப்பவர், ஆகவே அவர் கண்ணில் படும் என்ற பயமில்லை.

உன் அம்மா போனபோது நீ இரண்டாம் வகுப்பு. நான் அவளுக்குத் தங்கை, பல்கலைக்கழக வளாகத்தில் கடைசி வருடம். எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் என்று எல்லோரும் சந்தோஷப்பட இருந்த நேரத்தில் வீடு செத்த வீடாகிவிட்டது. பட்டம் முடிந்து வந்ததும் உன் அப்பாவுக்கு என்னைக் கட்டிவைத்தார்கள். பிள்ளைக்காக என்று சொன்னார்கள். நானும் பிள்ளைக்காகத்தான் சம்மதித்தேன். நீ என்னைக் கூப்பிடும் சொல்லை மாற்ற வேண்டியிருக்கவில்லை. முன்பும் சித்தி, பிறகும் சித்தி. பள்ளிக்கூடத்தில் ரிப்போட் எடுக்கப் போனால் டீச்சர் "நீங்கள் அம்மாவோ?" என்று கேட்பா. நான் "இல்லை, சித்தி" என்பேன். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். அம்மா என்ற சொல் அக்காவுடையது, அவள் இல்லாத நேரத்தில் எடுத்துப் போட்டுக்கொள்வது சரியில்லை என்று எனக்குள் ஒரு கூச்சம். நீ பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்ப்பாய். அதை நான் கவனித்திருக்கிறேன், என்றாலும் மாற்றிச் சொல்லவில்லை.

நீ கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எடுக்க வேண்டும் என்று நான் உன்னோடு சண்டை பிடித்தது ஞாபகம் இருக்கும். நீ தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனாய், அங்கிருந்து நேரே உட்துறைமுகப் பக்கம் நானாவின் எஞ்சின் திருத்தும் இடத்துக்குப் போனாய். நான் கொஞ்சக் காலம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒரு நாள் நீ சோற்றுப் பார்சலை விட்டுவிட்டுப் போக, வேலைக்கு, கந்தோருக்குப் போகும் வழியில் கொண்டுவந்தேன். நீ ஒரு நிலாவெளிப் படகின் வயிற்றுக்குள் குப்புறக் கிடந்தாய், கால் மட்டும்தான் தெரிந்தது. நானா என்னைப் பார்த்து, "தங்கச்சி, சோறு ஆறட்டும். அவன்ட கை உள்ளுக்க கிடக்கு, இப்ப கூப்பிட்டா எனக்குத்தான் ஏச்சு விழும்" என்று சிரித்தார். கிண்ணியாவிலிருந்து தினமும் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருகிற மனிதர், முதலாளி, உனக்குப் பயப்படுவது போல நடித்துக்கொண்டு நின்றார். பிறகு நீ வெளியே வந்தாய். முகம் முழுக்க எண்ணெய். அந்த முகத்தில் நான் உயர்தரப் புத்தகங்களுக்கு முன்னால் ஒருநாளும் காணாத அமைதி இருந்தது. அன்றோடு நான் சண்டையை விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்று உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நீ வெளிநாட்டுக்குப் படிக்கப் போன நாளையும் நினைத்துப் பார். நீ கொழும்புக்கு வான் ஏறிய அன்றே உன் சைக்கிளை அப்பா பின்வீட்டுக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். நான் கொஞ்ச நாள் கிடக்கட்டுமே என்றேன். "கிடந்தா அவனைத் தேடும்" என்றார். நானாவின் இடத்தில் உன் சேட்டு தொங்கிய ஆணியில் அடுத்த நாளே வேறொருவரின் சேட்டு தொங்கியது. உன் ஸ்பானர் சாவித் தொகுதியைப் புதிதாக வந்தவருக்குக் கொடுத்து, எல்லோருக்கும் இனிப்புக்குத் தொதல் பங்கிட்டாராம். "போனவன்ட இடம் காலியாக் கிடந்தா அது அவன இழுக்கும். நிரப்பிப் போடணும்" என்றார். இங்கே எல்லோரும் இப்படித்தான். வெளிநாடு போனவனிடம் எப்போது வருவாய் என்று யாரும் கேட்பதில்லை, வரச்சொல்லி யாரும் சொல்வதில்லை. "அவர்ட மகன் திரும்பி வந்திட்டானாம்" என்று சந்தையில் சொல்லும்போது ஏதோ நோய் வருத்தம் வந்த கதை போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அதனால் ஒருவர் மேல் உயிராக இருந்தால், அவர் திரும்பிவருகிற பேச்சையே வாயில் எடுக்க மாட்டோம். நாங்கள் அன்பு வைக்கிற விதம் இது. அங்கே உள்ளவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

நீ அங்கே படித்து முடித்தும் உன் இயந்திர அனுபவத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இங்கே செய்த வேலை அங்கே வேலையே இல்லை என்பது போலப் பேசினார்கள். கோழி வெட்டும் இடத்துக்குப் போனாய். குளிரில் நின்று நின்று காலையில் விரல்கள் மடங்கவில்லை என்று எனக்கு மட்டும் சொன்னாய், அப்பாவுக்குச் சொல்லவேண்டாம் என்றாய். அந்த நிலையில்தான் கடற்கரைப் பக்கம் ஒரு படகுத் தளத்தில் உன்னை நேரில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு எஞ்சினைக் கழற்றிக் காட்டச் சொன்னார்களாம், நீ கழற்றிப் பூட்டினாயாம். அவர்களுக்குப் பிடித்துவிட்டது, இனி உன் பழைய முதலாளியோடு ஒரு வார்த்தை பேசினால் முடிந்தது என்றார்களாம். நீ எனக்குப் போன் எடுத்தபோது உன் குரல் சின்ன வயதுக் குரல் மாதிரி இருந்தது. "சித்தி, நானாவுக்கு இங்கிலீஷ் வராது. நீங்கள் பக்கத்தில இருந்து சொல்லுங்கோ. பயப்பிடாதேங்கோ, அவங்கள் நல்லாக் கதைப்பாங்கள்." எனக்கு அன்றே கை வியர்த்தது. கந்தோரில் ஆங்கிலக் கடிதங்களுக்கு நான்தான் பதில் எழுதுவேன், ஆனால் தொலைபேசி அடித்தால் அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவேன்.

அவர்கள் எடுப்பதாகச் சொன்ன அன்றைக்கு நானா அந்தி நேரத்து மஃரிப் தொழுதுவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு, தொப்பி, அத்தர் வாசம். "என்ன நானா, பொம்பிள பாக்கவோ வந்தனீங்கள்?" என்று அப்பா பகிடி விட்டார். "வெள்ளக்காரிட முன்னால அழுக்காப் போகேலுமா?" என்றார் நானா. "அவ உங்களைப் பாக்கமாட்டா, போன்தான்." "அவ பாக்காட்டி என்ன, நான் என்னப் பாப்பன்தானே." போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தோம். மூன்று பேரும் கதிரைகளை இழுத்துக்கொண்டு அதைச் சுற்றி இருந்தோம்.

அந்தப் பெண்மணி நல்ல தன்மையாகத்தான் கதைத்தா. பின்னால் தட்டச்சு அடிக்கும் சத்தம் கேட்டது. வேலைக்கு நேரத்துக்கு வருவானா என்று கேட்டா. "நேரத்துக்கா? லேட்டா வாற ஆள் நான். கடை துறக்கிற துறப்பு அவன்ட கையிலதான் கிடந்த" என்றார் நானா. நான் சொன்னேன். அவ சிரித்தா. எந்தெந்த எஞ்சின் பார்ப்பான் என்று கேட்டா. நானா சொல்லிக்கொண்டே போனார், எனக்கு மொழிபெயர்க்க மூச்சு முட்டியது. அவனிடம் குறை ஏதும் உண்டா என்று கேட்டா. "குறையா? சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டான். அதையும் சொல்லுங்க தங்கச்சி, அங்கயாவது யாராவது கூப்பிடட்டும்." அதையும் சொன்னேன். அவ திரும்பவும் சிரித்தா. என் கை வியர்வை காய்ந்துவிட்டது. இது சரிவரும் என்று எனக்குள் ஒரு நிச்சயம் வந்தது.

கடைசியாக ஒரு கேள்வி என்றா. அவனைத் திரும்ப வேலைக்கு எடுப்பீர்களா?

நான் அதைத் தமிழில் சொன்னதும் நானாவின் முகம் மாறியது. நெஞ்சில் கையை வைத்தார். "அல்லாட காவல். இல்ல எண்டு சொல்லுங்க. நான் எடுக்கமாட்டன். அவன் இனி இஞ்ச வரக்கூடாது." அப்பா தலையாட்டினார். "ஓம், நல்லாச் சொன்னீங்கள்" என்றார். அப்பாவின் கண் கலங்கியிருந்ததையும் பார்த்தேன். நான் அந்தப் பெண்மணியிடம், இல்லை, எடுக்கமாட்டார், அவன் இனி இங்கே வரக்கூடாது என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தட்டச்சுச் சத்தம் நின்றது. நிச்சயமாகவா என்று அவ மெல்லக் கேட்டா. நான் நானாவைக் கேட்டேன். "நூறு தரம் கேட்டாலும் இல்லதான்" என்றார். அதையும் அப்படியே சொன்னேன்.

தட்டச்சு நின்றதை நான் கவனித்தேன் தம்பி. எதையும் கவனிக்கிறவள் என்று என்னை நீயே சொல்வாய். ஏதோ பிழை இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் அது நானாவின் பேச்சு, நான் அதைக் கடத்துகிறவள், இடையில் என்னுடையதைச் சேர்க்க எனக்கு என்ன உரிமை என்று இருந்துவிட்டேன். அவ நன்றி சொல்லி வைத்துவிட்டா. நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, "எப்பிடி, ஒழுங்காச் சொன்னனா?" என்று கேட்டார். "அதுக்கு மேல ஒருத்தரும் சொல்ல ஏலாது நானா" என்றார் அப்பா. "எல்லாம் தங்கச்சிட இங்கிலீசு. நான் என்னத்தச் சொன்னன்." இரண்டாவது தேத்தண்ணியும் குடித்துவிட்டு, பாலம் கடந்து வீட்டுக்குப் போனார். அந்த வாரம் முழுக்க, வேலை கிடைத்துவிட்டது போலவே படகு ஜெற்றியில் எல்லோரிடமும் கதைத்திருக்கிறார்.

பிறகு அவர்கள் உனக்கு இல்லை என்று எழுதினார்கள். காரணம் எழுதவில்லை. அங்கே வேலை செய்யும் ஒருவர் இரக்கப்பட்டு, உன் பழைய முதலாளியே உன்னைத் திரும்ப எடுக்கமாட்டேன் என்று சொன்னதாக உன் காதில் போட்டிருக்கிறார். நீ எனக்கு எடுத்துக் கேட்டாய். "நான் அவருக்கு என்ன செய்தனான் சித்தி? அப்பிடிச் சொன்னவரோ?" அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அங்கே அந்தக் கேள்விக்கு ஓம் என்பதுதான் ஒருவனை மெச்சும் பேச்சு. நாங்கள் மூன்று பேரும், உன் மேல் வைத்த ஆசை முழுவதையும் சேர்த்து, இல்லை என்று சொல்லியிருக்கிறோம். லைன் சரியில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதன் பிறகு நீ அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானாவின் அழைப்பையும் எடுக்கவில்லை.

உனக்குச் சொல்லாமல் நான் ஒன்று செய்தேன். அந்தப் பெண்மணியின் இலக்கம் என் போனில் இருந்தது. கந்தோர் முடிந்து எல்லோரும் போன பிறகு, கடற்கரை வீதிப் பக்கம் மதிலோரமாக நின்று எடுத்தேன். எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று குப்பைத்தொட்டியில் தலையை விட்டுக்கொண்டு நின்றது. வேறு யாரும் இல்லாததால் கதைக்க முடிந்தது. அதே பெண்மணிதான். என்னை ஞாபகம் இருந்தது. எழுதி வைத்துக்கொண்டு போனதை வாசித்தேன். அவர் இல்லை என்றது வாழ்த்து, எங்கள் ஊரில் போனவர்களை அப்படித்தான் வாழ்த்துவோம், அவனைப் போல ஒரு வேலைக்காரன் அவரிடம் அதற்குப் பிறகு வரவில்லை என்று சொன்னேன். அவ இடையில் குறுக்கிடாமல் கேட்டா. அது மிகவும் அழகான வழக்கம் என்றா. நம்புகிறா என்றுதான் நினைத்தேன். பிறகு, நீங்கள் அந்த முதலாளியிடம் வேலை செய்கிறவரா என்று கேட்டா.

நான் அவனுடைய தாய் என்று சொன்னேன்.

ஏன் அப்படி வந்தது என்று தெரியாது. ஆங்கிலத்தில் சித்திக்குச் சொல் தேடவேண்டியிருந்தது என்று சொல்லலாம், ஆனால் அது காரணம் இல்லை. அந்தச் சொல்லை என் வாயால் நான் சொன்ன முதல் தடவை அது, உனக்கு இருபத்து நாலு வயதாகும்போது. அவ "ஓ" என்றா. அதற்குப் பிறகு அவவின் குரல் மிகவும் இதமாகிவிட்டது. நோயாளியின் சொந்தக்காரரோடு நேர்ஸ் கதைக்கிற மாதிரி. இடம் நிரப்பப்பட்டுவிட்டது, மகனின் விபரத்தை வைத்திருக்கிறோம், நீங்கள் எடுத்ததற்கு நன்றி என்றா. தாய் என்று சொன்னதோடு நான் சொன்ன அவ்வளவும் தாய்மார் சொல்லும் கதையாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பா. போனைப் பையில் போட்டுவிட்டு நெடுநேரம் அங்கேயே நின்றேன். அக்காவை நினைத்தேன். உன்னை நினைத்தேன். பள்ளிக்கூட வாசலில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாயே, அந்த உன்னை.

நானாவுக்கு நான் இதைச் சொல்லவில்லை, படகுத் தள வேலை உனக்குக் கிடைத்துவிட்டது என்றுதான் அவர் இருக்கிறார். சொல்லவும் மாட்டேன். அவரால் தாங்க முடியாது. உன்னிடமும் கேட்கிறேன், நீயும் சொல்லாதே. கோபிக்க ஒரு ஆள் வேண்டும் என்றால் நான் இருக்கிறேன். தட்டச்சு நின்றதைக் கேட்டவள் நான்தான். அப்பாவுக்குச் சொன்னேன். அவர் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தார், திரும்பி வந்து, "அப்ப நாங்கள்தான் பிள்ளையைக் கெடுத்தது" என்றார். இப்போது துறைமுகத்தில் தன் கிரேன் வேலைக்கு வழமையைவிட நேரத்தோடு போகிறார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கையெழுத்து வைக்கவா, விடவா என்று கேட்டாய். வைக்காதே, உன் கைக்கு அது வேலை இல்லை, இன்னும் தேடு என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் குளிரில் நிற்கிறவன் நீ, நான் இங்கே ஃபேனுக்குக் கீழே இருந்துகொண்டு அதைச் சொல்வது எளிது. தேடுவதானால் இரண்டு விஷயம் நினைவில் வை. யாரிடமாவது உன்னைப் பற்றி விசாரிக்கப் போகிறார்கள் என்றால், என்ன கேட்பார்கள் என்று அவர்களுக்கு முதலே சொல்லிவிடு, உன்னைப் பிடித்தவர்கள்தானே என்று விட்டுவிடாதே. உன் வேலையைப் பற்றி உன் வாயாலேயே சொல்லப் பழகு. என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகியிருப்பாய், அதை விட்டுவிடு. இன்னொன்றும் சொல்கிறேன். நீ திரும்பி வரலாம். இந்த ஊரில் யாரும் உனக்கு இதைச் சொல்லமாட்டார்கள், அப்பா மனதில் இருந்தாலும் சொல்லமாட்டார். வந்தால் ஊர் குரலைத் தாழ்த்திக் கதைக்கும். கதைக்கட்டும். வாசலுக்கு வந்து கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லுவேன்.

ஆனால் நீ வரமாட்டாய். உன் சைக்கிளும் இல்லை, ஆணியும் இல்லை என்று உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நீ கையெழுத்து வைப்பாய் என்றுதான் நினைக்கிறேன். உன்னைப் பிழை சொல்லவில்லை. திரும்பி வராத பிள்ளையாக உன்னை வளர்த்தவர்கள் நாங்கள்.

கையெழுத்து வைத்த பிறகு நானாவுக்கு ஒரு தரம் போன் எடு. வேலை நிரந்தரமாகிவிட்டது என்று மட்டும் சொல். எந்த வேலை என்று அவர் கேட்கமாட்டார். உனக்கு ஒரு வேலைதான் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.